திருமணியும் திருமணமும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை முடிந்து மக்கள் கலைந்த பின்னர், செங்கற்பட்டுக்கு அருகிலுள்ள சிற்றூரைச் சேர்ந்த அன்பர் ஒருவர் என்னிடம் வந்து, தனித்துப் பேச வேண்டும் என்றார். அவர் மகளுக்குச் சம்பந்தம் பேசி முடித்திருந்தார்கள். நிக்காஹுக்கு நாள் குறிக்க வேண்டியதுதான் பாக்கி. அந்த வேளையில் யாரோ ஒருவர் மாப்பிள்ளை வீட்டாரிடம், பெண்ணின் பாட்டியார் இளவயதில் திருமணியில் வைத்தியம் பார்த்துக்கொண்டவர் என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான், பேச்சு நின்றுவிட்டது. மாப்பிள்ளையின் மாமனார் முறையுள்ள பெரியவர் ஒருவர், பரம்பரையின் நரம்பு ஒளிந்திருந்து இழுக்கும் என்னும் கருத்துடைய அரபு வாசகம் ஒன்றை எடுத்தோதி, அது ஹதீஸ் என்றும் கூறிவிட்டாராம்.

"ஹஜ்ரத், எங்க அம்மா குணமாகி, நாலு பிள்ளை பெத்து, எண்பது வயசு வரைக்கும் இருந்தாங்க. எங்க நாலு பேருல ஒருத்தருக்கும் ஒண்ணும் வரல. என் மகளுக்கு மட்டும் எப்படி வரும்? கிதாபு பார்த்துச் சொல்லுங்க" என்றார் அவர்.

அந்த வாசகத்தின் அறிவிப்புத் தொடர் பலவீனமானது என்று ஹதீஸ்கலை அறிஞர்கள் கூறியிருப்பதை நான் அறிவேன். அதனை அவரிடம் சொன்னேன். ஆனால் அவர் கேட்டது அது மட்டுமன்று. நோய் என்பது இரத்தத்தில் வருவதா, பழக்கத்தில் ஒட்டுவதா, அல்லது மண்ணும் காற்றும் தருவதா என்பது அவருடைய கேள்வி. அதற்கு விடை சொல்ல என்னிடம் அன்று போதிய அறிவு இருக்கவில்லை. அதன்பின் நான் படித்தும், அறிந்தோரிடம் கேட்டும் தெரிந்துகொண்டவற்றையே ஈண்டு வாசகர்முன் வைக்கிறேன். இக்கேள்வியின் வரலாற்றில் நம் செங்கற்பட்டுக்குப் பெரியதோர் இடமுண்டு என்பது எனக்கே வியப்பாக இருந்தது.

தொழுநோயை அரபு மருத்துவ நூல்கள் ஜுதாம் என்னும். இப்னு ஸீனா தமது அல்கானூன் என்னும் பெருநூலில் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தாவும் நோய்களின் வரிசையிலும் அதனை வைத்தார். பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வரும் நோய்களின் வரிசையிலும் வைத்தார். இரண்டு கருத்தும் அக்காலத்தில் அருகருகே வாழ்ந்தன. நோயாளரை ஒதுக்கிவிடாமல் ஆதரிக்கும் வழக்கமும் தொடக்கத்திலேயே இருந்தது. உமையா கலீஃபா வலீது, ஹிஜ்ரி 88 அளவில் திமிஷ்கில் தொழுநோயாளருக்கு உதவித்தொகை ஏற்படுத்தி, அவர்கள் பிறரிடம் கையேந்தலாகாது என்று பணித்ததாக வரலாற்றாசிரியர் எழுதியுள்ளனர்.

ஐரோப்பாவிலோ, 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பரம்பரைக் கட்சியே ஓங்கி நின்றது. நார்வே நாட்டின் பெர்கன் நகரில் டானியல்சன், பொயக் என்னும் இரு மருத்துவர்கள் 1847இல் வெளியிட்ட ஆய்வுநூல், இந்நோய் குடும்ப வழியில் இறங்குவது என்றே முடிவு கூறிற்று. அவர்கள் கண்ணால் கண்டதைத்தான் எழுதினார்கள். ஒரே வீட்டில் தாய்க்கு நோய். சில ஆண்டுகள் கழித்து மகனுக்கு நோய். இரத்தம் என்று எண்ணாமல் வேறென்ன எண்ணுவது? ஆனால் அதே பெர்கனில், அதே டானியல்சனிடம் பணியாற்றி, அவருக்கே மருமகனுமான ஹான்சன், 1873இல் நோயாளரின் திசுவில் கோல் போன்ற கிருமியைக் கண்டார். நோய்க்குக் காரணம் கிருமி என்று மாமனாரின் கொள்கையை மருமகன் மாற்றியெழுதினார்.

குடும்ப வழியில் வந்ததுபோல் தோன்றியதன் மர்மம் இதுதான்: இக்கிருமி மிக மெதுவாகப் பெருகுவது. உடலில் புகுந்து நோயாக வெளிப்படச் சராசரியாக ஐந்தாண்டு ஆகும். சிலருக்கு இருபதாண்டும் ஆகலாம். மருந்துண்ணாத நோயாளருடன் பல காலம் நெருங்கி வாழ்பவருக்கே பெரும்பாலும் தொற்றும். அத்தகைய நெருக்கம் வேறெங்கு இருக்கும்? வீட்டில்தான். குழந்தை தாயின் மூச்சுக்காற்றில் பெற்றதை, பத்தாண்டு கழித்துக் கண்ட ஊரார், கருவில் பெற்றதாக நினைத்துக்கொண்டனர்.

இந்தியாவுக்கு வந்த தொழுநோய் ஆணைக்குழு 1890-91இல் நாடெங்கும் ஆராய்ந்து, இந்நோய் பரம்பரையானது என்பதற்கு ஆதாரமில்லை என்றும், தொற்றும் ஆற்றலும் சிறிதே என்றும் கூறிற்று. ஆயினும் 1898இல் ஆங்கில அரசு தொழுநோயாளர் சட்டத்தை இயற்றி, ஆதரவற்ற நோயாளரைப் பிடித்து அடைத்துவைக்க வழி செய்தது. பரம்பரை என்ற நம்பிக்கை குடும்பத்தைச் சுட்டது. தொற்று என்ற அச்சம் நோயாளரைச் சுட்டது. எப்பக்கம் உண்மை இருந்தாலும் துன்பம் அவர்களுக்கே நேர்ந்தது. அச்சட்டம் 2016இல்தான் நீக்கப்பட்டது என்பதை நினைத்துப் பாருங்கள்.

செங்கற்பட்டை அடுத்த திருமணியில், 1920களில், அரசின் உதவியும் ஸ்காட்லாந்துத் திருச்சபைப் பணியாளரின் உழைப்பும் சேர்ந்து எழுந்தது லேடி வில்லிங்டன் தொழுநோயாளர் குடியிருப்பு. 1919 முதல் 1924 வரை சென்னை மாகாண ஆளுநராயிருந்த வில்லிங்டன் பிரபுவின் துணைவியார் பெயரே அதற்கு இடப்பட்டது. அக்காலத்தில் மருந்தென்று இருந்தது நீரடிமுத்து எண்ணெய். அதனை ஊசியில் ஏற்றுவார்கள். வலி மிகுதி, பலன் குறைவு. 1930களில் அங்குத் தலைமை மருத்துவராக வந்த ராபர்ட் காக்ரேன், குழந்தைகள் சிறுவயதில் நோயாளருடன் நெருங்கியிருப்பதே நோய் பரவும் பெருவழி என்பதில் கவனம் செலுத்தினார். 1940களின் பிற்பகுதியில் அவர் டாப்ஸோன் என்னும் மருந்தை நோயாளருக்குக் கொடுத்துப் பார்த்தார். உலகெங்கும் பல இலட்சம் பேரைக் குணப்படுத்திய அம்மருந்தின் வரலாற்றில் திருமணிக்கு முதல் வரிசையில் இடமுண்டு. 1955இல் இந்திய அரசு அந்நிலையத்தை ஏற்று, மத்திய தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிலையமாக்கியது.

நம் அன்பரின் தாயார் அங்குச் சென்றது இதற்குப் பின்னர்தான். பல ஆண்டுகள் மாத்திரை உண்டு குணமானார். 1980களில் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைப்படி கூட்டு மருந்து முறை வந்தபின், அந்த ஆண்டுகள் மாதங்களாகச் சுருங்கின. கிருமி குறைவாயுள்ளவர்க்கு 6 மாதம், மிகுதியாயுள்ளவர்க்கு 12 மாதம், மருந்து இலவசம். மருந்து தொடங்கிய சின்னாட்களிலேயே நோயாளர் பிறருக்குத் தொற்றைத் தருவது நின்றுவிடுகிறது. எனினும் நோய் முற்றும் ஒழிந்துவிடவில்லை. நம் நாட்டில் இன்றும் ஆண்டுதோறும் இலட்சம் அளவில் புதிய நோயாளர் கண்டறியப்படுகின்றனர். உணர்ச்சியற்ற தேமல் ஒன்றைக் கண்டவுடன் மருத்துவரிடம் சென்றால் ஊனம் வராது. அஞ்சி மறைத்தால்தான் வரும்.

இங்கே ஒரு வினா எழவேண்டும். கிருமிதான் காரணமென்றால், ஒரே வீட்டில், ஒரே பாயில் படுத்தெழுந்த நால்வரில் ஒருவருக்கு மட்டும் நோய் வருவதேன்? மனிதரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் இக்கிருமியை இயல்பாகவே எதிர்க்கும் ஆற்றல் உடையவர்கள். எஞ்சியவர்க்கு அது ஏன் குறைவாயிற்று? ஹான்சன் கதவை அடைத்த பரம்பரை, இங்கே வேறு வாசல் வழியாக மீண்டும் உள்ளே வருகிறது.

இதனை அறிய அறிவியலார் இரட்டையரை நாடினர். ஒரே கரு இரண்டாகப் பிளந்து பிறந்த இரட்டையர்க்கு மரபணுக்கள் முழுவதும் ஒன்றே. இரு கருவாய் உருவாகி ஒன்றாய்ப் பிறந்தவரோ, மற்ற உடன்பிறப்புகளைப் போன்றவரே. இந்தியாவில் 102 இரட்டைச் சோடிகளை ஆராய்ந்து சக்ரவர்த்தி, ஃபோகல் ஆகிய இருவர் 1973இல் வெளியிட்ட ஆய்வில், ஒருகரு இரட்டையரில் ஒருவருக்குத் தொழுநோய் இருந்தால் மற்றவருக்கும் இருந்தது 100க்கு ஏறத்தாழ 60 சோடிகளில். இருகரு இரட்டையரில் அது 100க்கு 20தான். அப்படியாயின் மரபணுவுக்குப் பங்குண்டு என்பது தெளிவு. ஆனால் எண்ணை மறுபுறமும் திருப்பிப் பார்க்கவேண்டும். மரபணு முழுவதும் ஒன்றாயிருந்தும், ஒரே வீட்டில் வளர்ந்தும், 100க்கு 40 சோடிகளில் ஒருவர் நோயின்றி இருந்தார். இரத்தம் மட்டுமே விதியென்றால் அந்த நாற்பதும் ஏது?

பின்னர் 2001இல், தென்னிந்தியாவில் ஒன்றுக்கு மேற்பட்ட உடன்பிறந்தார்க்கு நோய் கண்ட 224 குடும்பங்களின் மரபணுக்களைத் துருவி ஆராய்ந்தனர். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பிச்சப்பனும் ஆக்ஸ்ஃபோர்டு அறிஞர்களும் அதில் பங்குகொண்டனர். பத்தாம் குரோமோசோமின் ஒரு பகுதிக்கும் நோய்க்கு இடங்கொடுக்கும் தன்மைக்கும் தொடர்பிருப்பதை அவர்கள் கண்டனர். பிற நாடுகளில் வேறு மரபணுக்களும் அறியப்பட்டுள்ளன. இவை ஒன்றும் நோயின் மரபணு அல்ல. கிருமியை எதிர்க்கும் காவலில் உள்ள சிறுசிறு ஏற்றத்தாழ்வுகள். பல கோடி மக்களிடம் பரவிக்கிடப்பவை. அவற்றுள் சில இச்சம்பந்தத்தை மறுத்த வீட்டாரிடமும் இருக்கலாம். உங்களிடமும் என்னிடமும் இருக்கலாம். கிருமி வாராதவரை அவற்றால் தொழுநோய் இல்லை.

மரபணுவின் கதை இது. மண்ணின் கதையும் இம்மாவட்டத்திலேயே நடந்தது. காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. தடுப்பூசி, பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகளிடம் நடந்த சோதனையில் நூற்றுக்கு எழுபத்தைந்துக்கு மேல் காப்பளித்தது. அது நம் நாட்டில் எவ்வளவு காக்கும் என்றறிய, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 1968இல் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில், இப்போது தனி மாவட்டமாயுள்ள திருவள்ளூர்ப் பகுதியில், மாபெரும் சோதனை ஒன்றைத் தொடங்கிற்று. கணக்கில் சேர்த்த மக்கள் மூன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர். சிலருக்குத் தடுப்பூசி, சிலருக்கு மருந்தில்லா ஊசி, யாருக்கு எது என்பது போட்டவருக்கும் தெரியாது. ஏழரை ஆண்டு கழித்து வந்த முதல் முடிவு 1979இல் வெளியானபோது மருத்துவ உலகம் திகைத்தது. பெரியவர்க்கு வரும் நுரையீரல் காசத்தை அவ்வூசி ஒரு சிறிதும் தடுக்கவில்லை. பதினைந்தாண்டுக் கணக்கும் 1999இல் அதையே உறுதிசெய்தது.

பிரிட்டனில் காத்த ஊசி இங்கே காவாதது ஏன்? மக்களின் இரத்தம் வேறென்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் உலகில் நடந்த பல சோதனைகளை வரிசைப்படுத்தியபோது, நிலநடுக்கோட்டிலிருந்து தூரம் கூடக்கூட ஊசியின் பலனும் கூடுவதைக் கண்டனர். இதற்கு அறிஞர் கூறும் விளக்கங்களுள் முதன்மையானது: வெப்ப நாடுகளின் மண்ணிலும் நீரிலும் காசக் கிருமிக்குத் தூரத்து உறவான, தீங்கு குறைந்த கிருமிகள் நிறைந்துள்ளன. நம் பிள்ளைகள் வெறுங்காலுடன் வயலிலும் குளத்திலும் திரியும்போதே அவை உடலுக்கு ஒருவகைப் பாடம் கற்பித்துவிடுகின்றன. அதன்மேல் ஊசி புதிதாய்ச் சேர்ப்பது புலப்படுவதில்லை. இதனைப் படித்துவிட்டுப் பிறந்த குழந்தைக்கு ஊசி வேண்டாமென்று எவரும் முடிவு செய்துவிடலாகாது. குழந்தைகளின் மூளையைத் தாக்கும் கொடிய காசத்திலிருந்து அது காப்பதால்தான் இன்றும் போடப்படுகிறது.

காசநோயிலும் பரம்பரையின் கை உண்டு. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு நிலையத்தார், ஐசோனியாசிட் என்னும் மருந்தைச் சிலர் உடல் விரைவிலும் சிலர் உடல் தாமதமாகவும் செயலிழக்கச் செய்வதை ஆராய்ந்தனர். அது பெற்றோர் வழி வரும் இயல்பு. ஆனால் அதே நிலையத்தார் 1959இல் வெளியிட்ட மற்றொன்று குடும்பங்களுக்கு இன்னும் பெரிய செய்தி. 193 நோயாளரைச் சீட்டுப்போட்டுப் பிரிப்பதுபோல் பிரித்து, பாதிப்பேரை மருத்துவமனையிலும், பாதிப்பேரை அவரவர் நெருக்கடியான வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்தனர். ஓராண்டில் வீட்டிலிருந்தோரில் நூற்றுக்கு 86 பேரும், மருத்துவமனையிலிருந்தோரில் 92 பேரும் நோய் தணிந்தனர். வீட்டாருக்குத் தொற்றும் கூடிவிடவில்லை. நோயாளரைக் குடும்பத்திலிருந்து பிரிக்க வேண்டியதில்லை என்று உலகம் கற்றுக்கொண்டது அப்போதுதான்.

ஒருமுறை மாணவர்களை அழைத்துக்கொண்டு மாமல்லபுரம் சென்றோம். திரும்பும் வழியில் வடநெம்மேலி முதலைப் பண்ணையில் இறங்கினோம். 1976இல் தொடங்கப்பட்ட பண்ணை அது. அங்கே சதுப்புநில முதலைகளின் முட்டைகளை வைத்து ஆராய்ந்து 1989இல் வெளியிட்ட செய்தி ஒன்றை மாணவர்க்குச் சொன்னேன். முதலைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பது முட்டையில் முன்னரே எழுதப்பட்டிருப்பதில்லை. குழியின் வெப்பம் 28 முதல் 31 பாகை செல்சியஸ் வரை நிலைத்திருந்தால் எல்லாம் பெண், 32.5 பாகையில் ஆண். ஒரு தாயின் முட்டை. மணலின் சூடு ஒன்றரைப் பாகை மாறினால் பிறப்பே மாறுகிறது. மனிதரில் அப்படியில்லை, ஆயினும் சூழலென்பது வெளியே நிற்பதன்று, உயிரின் ஆக்கத்திலேயே பங்கு கொள்வது என்பதை இதைவிட எளிதாகக் காட்ட என்னால் இயலாது.

அப்பண்ணைக்குள்ளேயே 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கமும் உள்ளது. பாம்புக்கடி மருந்து செய்ய வேண்டிய நஞ்சு அங்கே எடுக்கப்படுகிறது. பாம்பு பிடிப்பது அவர்கள் இரத்தத்தில் ஊறியது என்று நாம் எளிதாய்ச் சொல்லிவிடுகிறோம். இம்மாவட்டத்தின் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்கு அழைக்கப்பட்டு, அங்கே மலைப்பாம்பு தேடிப் பிடித்தவர்கள்; 2023இல் பத்மஸ்ரீ பெற்றவர்கள். சிறுவயது முதல் பெற்றோருடன் காடுமேடு அலைந்து, தடம் பார்த்துக் கற்ற கல்வி அது. அதனை இரத்தமென்று சொல்வது அவர்கள் உழைப்பை மறைப்பதாகும்.

இனி, கிதாபு என்ன சொல்கிறது? புகாரியிலும் முஸ்லிமிலும் அபூஹுரைரா (ரலி) அவர்கள் வாயிலாக வரும் நிகழ்ச்சி ஒன்றை மதரஸா மாணவர் அனைவரும் அறிவர். கிராமவாசி ஒருவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, தம் மனைவி கரிய நிறக் குழந்தையைப் பெற்றிருப்பதாக ஐயத்தோடு கூறினார். நாயகம் (ஸல்) அவர்கள் அவருடைய ஒட்டகங்களின் நிறத்தைக் கேட்டார்கள். சிவப்பு என்றார். சாம்பல் நிறத்தது ஏதும் உண்டா என்றார்கள். உண்டு என்றார். அது எங்கிருந்து வந்தது என்று வினவ, முன்னோர் வழியிலிருந்து இழுத்துவந்திருக்கலாம் என்று அவரே விடை சொன்னார். உம் குழந்தையும் அப்படியே இருக்கலாமே என்று அவர்கள் உணர்த்தினார்கள். பரம்பரை என்னும் உண்மை அங்கே எதற்குப் பயன்பட்டது? ஒரு பெண்ணின் மானத்தைக் காப்பதற்கும், ஒரு வீடு பிளவுபடாதிருப்பதற்கும். நாம் அதே சொல்லை எடுத்துக்கொண்டு வந்து நிச்சயித்த நிக்காஹை நிறுத்துகிறோம்.

தொற்றைப் பற்றியும் இருவகை அறிவிப்புகள் உண்டு. நோய் தானாகவே தாவுவதில்லை என்பதொன்று. தொழுநோயாளரிடமிருந்து விலகிக்கொள்ளுமாறு கூறுவது மற்றொன்று. இவை முரண் அல்ல என்று அறிஞர் விளக்கினர்: காரணங்கள் அல்லாஹ்வின் நாட்டத்தால் இயங்குபவை, காரணங்களைப் பேணுவது நம் கடமை. ஷாமில் கொள்ளைநோய் பரவியபோது உமர் (ரலி) அவர்கள் படையுடன் எல்லையிலிருந்து திரும்பியதும் இந்த அறிவினாலேதான். ஷாஃபிஈ ஃபிக்ஹு நூல்கள் ஜுதாமை மண உறவைக் கலைக்கக்கூடிய குறைகளுள் ஒன்றாகச் சொல்வதை நான் மறைக்கவில்லை. அது நோயுள்ள கணவன் அல்லது மனைவியைப் பற்றியது, பேத்தியைப் பற்றியதன்று. அச்சட்டத்தின் காரணமோ துணைவர்க்கு நேரும் தீங்கு. பன்னிரண்டு மாத மருந்தால் தீரும் நோயில் அந்தத் தீங்கு எவ்வளவு எஞ்சும் என்பதை முஃப்திகள் ஆராயவேண்டும். நாட்டின் சட்டம் ஆராய்ந்து முடித்துவிட்டது. 1939ஆம் ஆண்டு முஸ்லிம் மணமுறிவுச் சட்டம் உள்ளிட்ட ஐந்து சட்டங்களிலிருந்து தொழுநோய் என்னும் காரணம் 2019இல் நீக்கப்பட்டது.

இவற்றையெல்லாம் நான் அறிந்து அந்த அன்பரிடம் சொல்லும்போது காலம் கடந்துவிட்டது. முதற் சம்பந்தம் திரும்ப வரவில்லை. அந்தப் பெண் அழுததாகவும், இறந்துபோன பாட்டியின் புகைப்படத்தைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டதாகவும் தந்தை சொன்னபோது என் நெஞ்சு கனத்தது. அவரிடம் ஒன்றுதான் சொன்னேன்: "அடுத்த முறை யாரும் கேட்குமுன் நீங்களே சொல்லுங்கள். மறைப்பது குற்றமுள்ள செயல்போல் ஆகிவிடுகிறது."

இரண்டாண்டு கழித்துப் பல்லாவரத்திலிருந்து வேறொரு வீட்டார் வந்தனர். தந்தை முதலிலேயே எல்லாவற்றையும் சொன்னாராம். மாப்பிள்ளையின் தாயார் சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "எங்க அம்மாவும் காசத்துக்கு ஒன்றரை வருஷம் மருந்து சாப்பிட்டவங்கதான், நாங்க அதை யாருகிட்டயும் சொன்னதில்ல" என்றாராம். நிக்காஹ் குத்பாவை நானே ஓதினேன். விருந்துக்காக அவர்கள் வீட்டுக்குள் சென்றபோது, பாட்டியாரின் படம் மீண்டும் அதே சுவரில் மாட்டப்பட்டிருந்தது.